மோட்டார்ஹோமுக்கு அடியில் லொடலொட: சத்தத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

மே மாதம், கட்டிலும் அடுப்பும் உள்ள எங்கள் வீட்டு வண்டியில், அதாவது மோட்டார்ஹோமில், வருடத்தின் முதல் பயணம். ஐ-75 நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். சாகினா ஊரைக்கூடத் தாண்டவில்லை, பின்கட்டிலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, அடியில ஏதோ கழண்டு தொங்குது. கேக்கலையா?” கேட்கவில்லை. காலுக்குப் பக்கத்தில் பத்து சிலிண்டர் இன்ஜின் இரைந்துகொண்டிருக்கும்போது இருபது அடி பின்னால் நடப்பது எப்படிக் காதில் விழும்? ஓரம்கட்டிக் குனிந்து பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி கிளம்பினேன். “இப்பவும் கேக்குது” என்றாள்.

அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. நடுவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 400 டாலர் கொடுத்து இரும்புப் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றினேன். புஷ்கள் புதிதாயின, சத்தம் பழையபடியே இருந்தது. காரணம் என்ன என்று கீழே சொல்கிறேன். முதலில், புதிதாக மோட்டார்ஹோம் வாங்கியவர்கள் இந்தத் தேடலை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று பார்க்கலாம். நான் ஆரம்பித்த இடம் தவறு.

எங்கள் வண்டி 2011ஆம் ஆண்டு கிளாஸ் சி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு கட்டில் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்குமே, அந்த வகை. 28 அடி நீளம், ஃபோர்டு இ-450 சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), 6.8 லிட்டர் வி10 இன்ஜின், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். மிச்சிகனில் இருக்கிறோம், அதனால் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு முழுவதும் எங்கள் வண்டிகளின் அடிவயிற்றுக்குத்தான் போகிறது. டெட்ராய்ட் நகருக்குக் கீழே ஆயிரம் அடிக்கும் அதிகமான ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி வேறு சேசிஸாக இருக்கலாம். தேடும் முறை ஒன்றுதான்.

இரண்டு ஊரில் பிறந்த வண்டி

என் மாமனார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். போன கோடையில் எங்களோடு வந்து தங்கினார். வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, “இதுவும் நம்ம கரூர் கதைதான் மாப்ள” என்றார். உண்மைதான். அசோக் லேலண்ட் சேசிஸ் ஒரு ஊரிலிருந்து வரும், அதன் மேல் கரூரில் பஸ் எழும்பும். இங்கேயும் அப்படித்தான். ஓட்டுநர் அறையோடு கூடிய வெற்றுச் சேசிஸ் ஒஹாயோ மாநிலத்து ஏவன் லேக்கிலிருந்து வருகிறது. அதன் மேல் வீட்டைக் கட்டுவது பெரும்பாலும் இண்டியானா மாநிலத்து எல்கார்ட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும்.

சத்தம் தேடுபவருக்கு இது ஊர்க்கதை இல்லை, முதல் துப்பு. ஸ்பிரிங், பிரேக், சைலன்சர் எல்லாம் சேசிஸ்காரரின் வேலை. கழிவுநீர்த் தொட்டி, சமையல் வாயுத் தொட்டி, ஜெனரேட்டர், மின்சாரப் படி, வண்டியைச் சமன் செய்யும் ஜாக்கிகள், இவற்றுக்குப் போகும் குழாய்கள், வயர்கள் எல்லாம் இரண்டாமவர் தொங்கவிட்டவை. அதற்கும் மேல், உங்களுக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எதையாவது மாட்டியிருப்பார். என் அனுபவத்தில் லொடலொட சத்தம் மூன்றாமவர் வேலையிலிருந்துதான் அதிகம் வருகிறது, அடுத்து இரண்டாமவர் வேலையிலிருந்து. சேசிஸ்காரரின் சாமான் சத்தம் போட்டால் அது அபூர்வம், ஆனால் அதுதான் ஆபத்தானது.

சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

“ஏதோ சத்தம் வருது” என்று மெக்கானிக்கிடம் போனால் அவர் தனக்குப் பழக்கமான பாகத்தை மாற்றிவிடுவார். எனக்கு நடந்தது அதுதான். பள்ளிக்கூடத்தில் படித்த இரட்டைக்கிளவி இங்கே உதவும், விளையாட்டாகச் சொல்லவில்லை. லொடலொட, கடகட என்றால் ஏதோ தளர்ந்து ஆடுகிறது. கிறீச் என்று ஊஞ்சல் கொக்கி மாதிரி இழுத்தால் இரண்டு பரப்புகள் காய்ந்துபோய் உரசுகின்றன. தடக், டங் என்று ஒரே அடியாக விழுந்தால் கனமான இரண்டு பாகங்களுக்கு நடுவில் இருக்கக் கூடாத இடைவெளி வந்திருக்கிறது. டின்னுக்குள் வண்டு புகுந்த மாதிரி கிர்ர் என்று அதிர்ந்தால் மெல்லிய தகடு. டிக் டிக் என்று தாளம் தவறாமல் வந்தால் சுழலும் பாகம்.

பெயர் வைத்த பிறகு மூன்று கேள்வி. மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா? வேகத்தோடு கூடிக் குறைகிறதா? வண்டி நிற்கும்போதே இன்ஜினை முறுக்கினால் வருகிறதா? முதலாவது ஆம் என்றால் தொங்குபவை, ஸ்பிரிங், புஷ். இரண்டாவது என்றால் சக்கரம், பிரேக், ஷாஃப்ட். மூன்றாவது என்றால் சைலன்சர் குழாயும் இன்ஜினைச் சுற்றியுள்ளவையும். இந்த மூன்று பதிலையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே வெயிலா குளிரா, வண்டி கிளம்பி எத்தனை நிமிடம், தண்ணீர்த் தொட்டிகள் நிரம்பியிருந்தனவா காலியா என்பதையும் குறியுங்கள். 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டுக்கு மேல் கனம் ஏறும், கிட்டத்தட்ட 150 கிலோ. அந்தக் கனத்தில் தாங்கு பட்டைகள் இறுகி வாயை மூடிக்கொள்ளும். தொட்டி காலியாகி ஊர் திரும்பும்போது அதே பட்டை பேச ஆரம்பிக்கும்.

முதலில் வீட்டைக் காலி செய்யுங்கள்

அடியில் கேட்பதெல்லாம் அடியில் இருப்பதில்லை. பிளைவுட் தரை தவில் தோல் மாதிரி. மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் ஒரே இடத்திலிருந்து வருவது போலத்தான் கேட்கும். மாமனாரே இதில் ஒரு தடவை ஏமாந்தார். பின்பக்கம் ஒரு டங்டங். சேசிஸுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் கட்டைதான் என்று அடித்துச் சொன்னார். கடைசியில் அடுப்பின் மேல் இருக்கும் இரும்புக் கம்பித் தட்டு அது. அடியில் ஒரு பழைய துண்டை மடித்து வைத்தோம், சத்தம் போயிற்று. அன்று முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆகவே சோதனை ஓட்டத்துக்கு முன் அடுப்புத் தட்டு, ஓவன் கம்பி, மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டு, பாத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். வெளிப்பக்க அறைகளில் இருக்கும் மரக்கட்டை, சக்கரத் தடை, மடக்கு நாற்காலி, டூல் பெட்டி எல்லாவற்றையும் இறக்குங்கள். கழிவு ஹோஸ் எங்கே வைத்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். பின்னால் டிரெய்லர் இழுக்கும் கொக்கிக் கட்டையைச் செருகி வைத்திருந்தால் ஊசியை உருவி அதையும் கழற்றுங்கள். சதுரக் குழாய்க்குள் தளர்வாக நிற்கும் அந்தக் கனத்த இரும்பு ஒவ்வொரு பள்ளத்திலும் டங் என்று அடிக்கும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பாதிப் பேருக்கு வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

ஞாயிறு காலையில் காலியாக இருக்கும் பெரிய பார்க்கிங் இடத்துக்குப் போங்கள். ரேடியோ, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல்களைத் திறங்கள். கான்கிரீட் சுவர் ஒன்றை ஒட்டி மெதுவாக ஓட்டினால் அடியில் பிறக்கும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். முதலில் இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். எந்தப் பக்கம் என்பது இதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். வேகத்தடை இருந்தால் நடை வேகத்தில் ஏறி இறங்குங்கள். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாகவும் ஒரு தடவை. சாய்வாக ஏறும்போது மட்டும் கிறீச்சிட்டால் வண்டி முறுக்கிக்கொள்ளும் இடங்களைச் சந்தேகிக்கலாம்: வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பார் கம்பியின் புஷ், பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு மாட்டும் ஷேக்கிள், வீட்டைச் சேசிஸோடு பிணைக்கும் ரப்பர் கட்டைகள்.

தாளம் தப்பாத டிக் டிக் என்றால் எண்ணிப் பாருங்கள். என் வண்டியின் டயர் 225/75ஆர்16, ஒரு சுற்றுக்கு 2.3 மீட்டர் போகும். மணிக்கு 10 கிலோமீட்டரில், அதாவது 6 மைலில், சக்கரம் ஒரு விநாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். ஆக, வாயால் எண்ண முடிகிற டிக்… டிக்… வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் அப்படியில்லை. என் வண்டியின் அச்சு விகிதம் 4.56 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.56 சுற்று), அதனால் அதே வேகத்தில் ஷாஃப்ட் விநாடிக்கு ஐந்தரைச் சுற்று சுற்றுகிறது. எண்ண முடியாமல் சிட்டுக்குருவிக் கூட்டம் மாதிரி கீச்கீச்கீச் என்று வந்தால் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு கணக்கு எனக்கு எந்தக் கருவியையும்விட அதிகம் உதவியிருக்கிறது.

பிரேக் பெடலை லேசாகத் தொட்டதும் சத்தம் நின்றாலோ மாறினாலோ பிரேக் பக்கம். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஒரு தடக் வந்தால் மறுபடி கிராஸ். வண்டியை நிறுத்தி, பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குத் தடை வைத்து, யாரும் அடியில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் கிர்ர் வந்து போனால் தகடு.

அடியில் போவதற்கு முன்

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். சமதளமான கான்கிரீட் தரையில் மட்டும் நிறுத்துங்கள். கியர் பார்க்கில், பார்க்கிங் பிரேக் இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடை, சாவி உங்கள் பாக்கெட்டில். முகாமில் வண்டியைச் சமன் செய்ய வைத்திருக்கும் ஜாக்கிகளால் தூக்கிவிட்டு அடியில் நுழையவே கூடாது. அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே ஒல்லியான ஆள் ஊர்ந்துபோக இடம் இருக்கும். போதவில்லை என்றால் எடைக்கு ஏற்ற சாய்தளத்தில் ஏற்றுங்கள். இரட்டைச் சக்கரம் இரண்டும் அதன் மேல் முழுசாக உட்கார வேண்டும். பின் அச்சு சுமக்கும் எடை மட்டும் நாலு டன்னை ஒட்டி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

சைலன்சர் குழாய் ஆற இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள். வாயுத் தொட்டியின் வால்வை மூடுங்கள். ஜெனரேட்டர் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருந்தால் அணையுங்கள். மின்சாரப் படியின் ஃபியூஸை உருவுங்கள்: நீங்கள் அடியில் இருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் அது உங்கள் கை மேல் விரியும். கண்ணாடி போடுங்கள். நான் போடாமல் போய், ஒரு துருத் துகளை எடுக்கப் பாதி நாள் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தேன்.

காதைவிடக் கண்ணை நம்புங்கள்

மாமனார் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, தலையில் மங்க்கி குல்லாவோடு அடியில் நழுவினார். வெளியே கோடை வெயில், ஆனால் துரு தலையில் கொட்டும் என்பது அவருக்குத் தெரியும். கையில் டார்ச், இன்னொரு கையில் வெள்ளைத் துணி. எதையும் தட்டவில்லை. பத்து நிமிடம் சும்மா பார்த்தார். அப்புறம் ஒரு இடத்தில் விரலால் தடவி வெளியே நீட்டினார். விரல் நுனியில் காவிப் பொடி. “சத்தம் கேக்குற இடம் வேற, பொறக்குற இடம் வேற மாப்ள. தேஞ்ச இடத்தப் பாருங்க.”

நீளமான இரும்புச் சேசிஸ் சத்தத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கடத்திவிடும். ஆனால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு பொருள்கள் தடயம் விடாமல் மோத முடியாது. அழுக்குக்கு நடுவில் பளபளவென்று தேய்ந்த ஒரு வட்டம். பெயிண்ட் உதிர்ந்த அரை அங்குலக் கோடு. போல்ட்டைச் சுற்றி நெற்றியில் இட்ட குங்குமம் மாதிரி மெல்லிய செம்பொடி. அந்த இணைப்பு நுணுக்கமாக ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் புஷ்ஷிலிருந்து ஒழுகியது போல் கருப்புத் தூள். இவற்றைத் தேடுங்கள். அதனால்தான் அடிப்பாகத்தைக் கழுவிவிட்டு நுழையாதீர்கள் என்பேன், தடயம் போய்விடும்.

முன்னிருந்து பின்னாக, ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போங்கள். சந்தேகமான ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டே வாருங்கள்.

பார்த்து முடித்த பிறகு கை. இன்ஜின் ஆறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு குழாய்களையும் தகடுகளையும் முஷ்டியால் குத்துங்கள், ரப்பர் சுத்தியால் தட்டுங்கள். நல்ல பாகம் ‘தொப்’ என்று சொல்லும், தளர்ந்தது ‘லொட’ என்று பதில் தரும். ஓடும்போது கேட்ட அதே குரல் வந்தால் பிடித்துவிட்டீர்கள்.

கிறீச் சத்தத்துக்கு இன்னொரு வழி: சாதாரண தண்ணீர். வெளியே இரண்டு பேர் வண்டியின் பின்மூலையில் கை வைத்து, தொட்டில் ஆட்டுவது போல் தாளமாக ஆட்டட்டும். நீங்கள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேளுங்கள், அடியில் அல்ல. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி ஒரு புஷ்ஷில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி, மறுபடி ஆட்டச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் அதுதான். நிற்காவிட்டால் அடுத்த புஷ். ஒரே நேரத்தில் எல்லாவற்றிலும் எண்ணெய் அடித்துவிட்டால் எது குற்றவாளி என்று கடைசி வரை தெரியாது, தவிர பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். கண்டுபிடித்த பிறகு சிலிகான் கிரீஸ் போடுங்கள். ரப்பர் பிளந்திருந்தால் கிரீஸால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

லொடலொடவுக்குக் கட்டிப் பார்ப்பதுதான் வழி. படி என்று சந்தேகமா? சரக்கு கட்டும் பட்டையால் இறுக்கிக் கட்டி ஐந்து மைல் ஓட்டுங்கள். நின்றதா? படிதான். நிற்கவில்லையா? அவிழ்த்துவிட்டு அடுத்ததைக் கட்டுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். பொறுமை வேண்டும், ஆனால் இதுதான் குறுக்குவழி. ஓட்டத்தில் கழன்று சக்கரத்தில் சிக்காதபடி பட்டை நுனியைச் சுருட்டி முடிந்துவிடுங்கள். சுழலும் எதற்கும், சைலன்சருக்கும் அருகில் கட்டவே வேண்டாம்.

கருவி வாங்கும் ஆசை இருந்தால், பாகங்களில் கிளிப் போட்டு ஓடும்போதே ஹெட்போனில் கேட்கும் மைக் தொகுப்புகள் கிடைக்கின்றன. நல்ல சாமான்தான். நான் அதற்குப் பதில் ஒரு சிறிய ஆக்ஷன் கேமராவைச் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்க வைத்து ஓட்டிப் பார்த்தேன். சத்தம் காற்றில் கரைந்துவிட்டது, ஆனால் படம் பேசியது: வயர்க் கட்டு ஒன்று ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளி வாயுக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வழக்கமான குற்றவாளிகள்

இப்போது என் 400 டாலர் சத்தம். சைலன்சர் குழாயின் வெப்பம் தரைக்கு ஏறாமல் இருக்க மேலே மெல்லிய தகடு ஒன்று போர்த்தியிருக்கும். அதைப் பிடித்திருக்கும் சின்னப் பட்டையை உப்பு தின்றுவிட்டது. தகடு முன்பக்கம் இருந்தது, சத்தம் மட்டும் சேசிஸ் வழியாகப் பின்கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமனார் விரலில் இருந்த காவிப் பொடி அந்த இடத்தில் எடுத்ததுதான். பெரிய துருப்பிடிக்காத ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைக் குழாயையும் தகட்டையும் சேர்த்துச் சுற்றி முடுக்கினோம். நாலு டாலர். தகடு சத்தம் போடுகிறதே என்று பிய்த்து எறியும் ஆட்கள் உண்டு. செய்யாதீர்கள், அதன் மேலே உங்கள் மரத்தரை இருக்கிறது.

இரட்டைச் சக்கரங்களில் மூன்று விஷயம் பாருங்கள். டயர் வரிகளில் சிக்கிய கல் டிக் டிக் என்று தார்ச்சாலையைத் தட்டும். இரண்டு டயருக்கு நடுவே சிக்கிய கல் இன்னும் மோசம், வேகத்தில் தெறித்தால் பின்னால் வருபவரின் கண்ணாடி போய்விடும்; கிளம்பும் முன்பே நெம்பி எடுங்கள். மூன்றாவது, சக்கரத்தின் மேல் அழகுக்கு மாட்டியிருக்கும் பளபள ஸ்டீல் மூடி. தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். உள் டயருக்குக் காற்றடிக்க நீட்டியிருக்கும் வால்வுக் குழாய் அந்த மூடியில் உரசினாலும் அப்படித்தான். மூடிகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஓட்டம் போனால் முடிவு தெரிந்துவிடும். அவை சக்கர நட்டுகளின் கீழே மாட்டும் வகை என்றால் நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடுக்கி, நூறு மைலுக்குள் மறுபடி சரிபாருங்கள்.

திடீரென்று, முன்னறிவிப்பில்லாமல், காது கூசும் உரசல் வந்தால் பதறவேண்டாம். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தூசித் தகட்டுக்கும் நடுவே ஜல்லி விழுந்திருக்கலாம். மண் சாலை முகாம்களில் இது சகஜம். பாதுகாப்பான இடத்தில் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் பல தடவை தானாகவே விழுந்துவிடும். விழாவிட்டால் தகட்டைக் கொஞ்சம் வளைத்து எடுக்க வேண்டும்.

தொட்டிகளைத் தாங்கும் இரும்புப் பட்டை தளர்ந்திருந்தால் முடுக்கி முடுக்கி இறுக்காதீர்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக், விரிசல் விட்டால் என்ன ஒழுகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய மட்கார்டு ரப்பரில் ஒரு துண்டு வெட்டிப் பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே செருகி, அப்புறம் பதமாக முடுக்குங்கள்.

மின்சாரப் படியின் கீல்களில் மண் அப்பி, மடங்கும்போது கடைசி அரை அங்குலம் உள்ளே போகாமல் நிற்கும். அந்த அரை அங்குலம்தான் சத்தம். கழுவி, உலரவிட்டு, கீல்களில் சிலிகான் ஸ்ப்ரே அடித்தால் பெரும்பாலும் அடங்கும். ஸ்டெப்னி அடியில் தொங்கினால் அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஜெனரேட்டர் நிற்கும் ரப்பர் கட்டைகளையும்.

வயர்களும் சிறு குழாய்களும் உரசும் இடத்தில் தோட்டத்து ஹோஸ் ஒரு துண்டை நீளவாக்கில் பிளந்து போர்த்துங்கள், ரப்பர் உறை போட்ட கிளாம்ப்பால் சட்டத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் டை சைலன்சர் பக்கம் உருகிவிடும். பிரேக் குழாயையும் வாயுக் குழாயையும் வளைக்கவோ இணைப்பைத் திருகவோ வேண்டாம். அவற்றின் மேல் மோதும் பொருளை நகர்த்துங்கள்.

நீங்கள் தேடக் கூடாத சத்தங்கள்

ஷாஃப்ட் கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. அதிக வேகத்தில் கீச்சொலி கேட்காமல் போகும். காற்றும் டயரும் அதை மூடிவிடுகின்றன, அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ஷாஃப்ட் ஓட்டத்தில் கழன்றால் தரையைக் கிழித்துக்கொண்டு வரும். நீளமான இந்த வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு மூன்று துண்டாக, நடுவில் சென்டர் பேரிங்கோடு இருக்கும். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் கோடு போட்டு, அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு வரும். தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது இரும்பு இரும்போடு அரைபடுவது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்பக்கம் தடக் என்பது, வேகத்தோடு கூடும் உறுமல் வளைவில் ஒரு பக்கம் மட்டும் கனப்பது, இவையும் அதே கணக்கு. அரை மணி ஓட்டிவிட்டு நான்கு மூலையிலும் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். அதே அச்சில் மறுபக்கத்தைவிட ஒன்று ரொம்ப அதிகம் சுட்டால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்ட பிரேக். அங்கிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். அழுகிய முட்டை வாசனை வந்தால் சமையல் வாயு கசிகிறது, சத்தத்தை மறந்துவிட்டு வாயுத் தொட்டியின் வால்வை மூடி எல்லோரும் வெளியேறுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது அந்தத் தாளையும் படங்களையும் எடுத்துப் போங்கள், முடிந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். பாகம் மாற்றச் சொல்லாதீர்கள், சத்தத்தைக் காட்டிக் காரணம் கேளுங்கள். இரண்டாவது தடவை நான் அப்படிச் செய்தேன், பில் பாதிகூட வரவில்லை.

எல்லாம் முடித்து ஆகஸ்டில் மறுபடி வடக்கே போனோம். மேக்கினா பாலத்தில் ஏறியதும் அடியிலிருந்து உய்ய்ங் என்று வண்டியே பாடுகிற மாதிரி ஒரு பெரிய ஓசை. மனைவி என்னைப் பார்த்தாள், நான் மாமனாரைப் பார்த்தேன். 1957இல் திறந்த அந்த ஐந்து மைல் பாலத்தின் உள் லேன்கள் தார் போடாத இரும்புக் கம்பிவலை. டயர் அதன் மேல் உருளும் ஓசை அது. வெளி லேனுக்கு மாறினேன், நின்றுவிட்டது.